பெரிய சனிக்கிழமை எடுத்த ரத்தம்

"அப்பாவுக்கு வந்தது எனக்கும் வருமாம்மா?" என்று புதன்கிழமை போனில் கேட்டாய். எனக்குத் தெரியவில்லை, தம்பி. வேதியியலில் முதுகலைப் பட்டம் வாங்கி, இருபது வருடங்களுக்கு மேல் பிள்ளைகளுக்கு அதையே சொல்லிக் கொடுத்துக்கொண்டிருப்பவளுக்கு இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியவில்லை. உனக்கு இருபத்துநான்கு வயது. கம்பெனியில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் கூடுதலாக இருப்பதாகச் சொன்னாய். அதில் அப்பாவின் உடம்பிலிருந்து வந்தது எவ்வளவு, என் அடுப்படியிலிருந்து வந்தது எவ்வளவு, ஓசூரில் நீ தனியாக இருந்து சாப்பிட்ட இரண்டு வருடங்களிலிருந்து வந்தது எவ்வளவு என்று பிரித்துக் காட்ட என்னிடம் வழியில்லை. "பயப்படாத, டாக்டர் சொல்றபடி கேளு" என்று மட்டும் சொன்னேன். அதற்கு நீ சொன்ன பதில்தான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. "நான் ஒண்ணும் அப்பா மாதிரி திருட்டுத்தனமா வாங்கித் தின்ன மாட்டேன்மா. எனக்கு வாய்க்கட்டு இருக்கு" என்றாய்.

போனை வைத்த பிறகு உன் சமையலறை அலமாரியைப் படம் எடுத்து அனுப்பினாய். நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருப்பாய். மேலட்டையில் இதயம் வரைந்த எண்ணெய், மசாலா சேர்த்த ஓட்ஸ் பாக்கெட், நார்ச்சத்து பிஸ்கட் நாலு பொட்டலம், அட்டைப் பெட்டியில் பழச்சாறு, டப்பாவில் சூப் பொடி. ஆசிரியர் அறையில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பத்து வருடங்களுக்கு முன்னால் திண்டிவனத்தில் நம் வீட்டு அலமாரி எப்படி இருந்ததோ, கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. அதை அடுக்கியது அப்பா இல்லை. நான்.

நேரில் பேச எனக்கு வராது. அதிகம் பேசாதவள் என்று எனக்கு வீட்டிலும் பள்ளியிலும் பெயர் இருக்கிறது. அதில் பாதி சுபாவம். மீதி கோழைத்தனம் என்று இப்போது நினைக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்.

தொண்ணூற்று மூன்றில் கல்யாணமாகி திண்டிவனத்துக்கு வந்தபோது எனக்கு இருபத்துமூன்று வயது. ரசம் வைக்கக்கூட ஒழுங்காகத் தெரியாது. அப்பாவுக்கு அனந்தபுரம் பக்கத்தில் கிராமம், தாலுக்கா ஆபீஸில் வேலை. காலையில் கேப்பைக் கூழும் வெங்காயமும், சாயங்காலம் வேகவைத்த வேர்க்கடலை, அவர் ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, ஒரு கை. அவருக்கு அது போதும். எனக்குத்தான் அதைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. படித்த பெண் வாழும் வீட்டில் சட்டியில் கூழ் இருப்பதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று மூடி வைப்பேன். பிறகு விழுப்புரத்துப் பள்ளியில் எனக்கு வேலை கிடைத்தது. காலை ரயிலைப் பிடிக்க ஓடி, சாயங்காலம் ஆறரைக்குத் திரும்புகிறவளுக்குப் பாக்கெட்டுகள் எவ்வளவு பெரிய உதவி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீ அதில்தான் வளர்ந்தாய். டிபன் பாக்ஸில் க்ரீம் பிஸ்கட், சாயங்காலம் இரண்டு நிமிடத்தில் வேகும் நூடுல்ஸ், பாலில் கலக்க ஒரு பவுடர். ஒரு முறை உன் அத்தை ஊரிலிருந்து வந்து நாலு நாள் இருந்தாள். கிளம்பும்போது வாசலில் நின்று, "ஏன் அண்ணி, உங்க வூட்டுல அடுப்பு எதுக்கு? கத்திரிக்கோல் ஒண்ணு இருந்தா போதுமே, மூணு வேளையும் கீசிக் கீசிக் கொட்டிக்கினு" என்றாள். அப்பா சிரித்தார். நான் அவளோடு ஒரு வருடம் சரியாகப் பேசவில்லை.

உனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது அப்பாவின் ஆபீஸில் ஒரு மருத்துவ முகாம் நடந்தது. அதில் அவருக்குக் கொலஸ்ட்ரால் கூடுதல் என்று தெரிந்தது. "கறி, முட்டை, எண்ணெய்ப் பலகாரம் கொறைங்க, நடங்க, வருஷத்துக்கு ஒருவாட்டி டெஸ்ட் பண்ணிப் பாருங்க" என்று டாக்டர் சொன்னார். எளிய வார்த்தைகள்தான். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் வீட்டில் விஞ்ஞானம் படித்தவள் நான் ஒருத்திதானே, பொறுப்பை முழுவதுமாக நான் எடுத்துக்கொண்டேன். மல்லாட்டை கொழுப்பு என்று நிறுத்தினேன். தேங்காயை நிறுத்தினேன். செக்கில் ஆட்டி வாங்கிய எண்ணெயை நிறுத்திவிட்டு, 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்த எண்ணெயை வாங்கினேன். கொலஸ்ட்ரால் இல்லாத எண்ணெய்தானே என்று அதில் பூரியும் அப்பளமும் தாராளமாகப் பொரித்தேன். கூழுக்குப் பதிலாகச் சோளச் சீவல். பசித்தால் சாப்பிட, அதே வாசகம் போட்ட பிஸ்கட். ரொட்டியில் தடவ வெண்ணெய்க்குப் பதிலாக டப்பாவில் வந்த ஒரு மஞ்சள் பொருள். "இன்னா டீச்சரம்மா, லேப்ல இன்னிக்கி இன்னா எக்ஸ்பிரிமென்ட்?" என்று கேட்டுக்கொண்டே தட்டின் முன் உட்காருவார் அப்பா. ஒரே ஒரு தடவைதான் குறை சொன்னார். "இந்த பிஸ்கட்ட தின்னா வாய்க்குள்ள மெழுகு ஒட்டிக்கினாப்ல இருக்குது." "உங்களுக்கு எல்லாமே கூழ் மாதிரி இருக்கணும்" என்றேன். அதற்குப் பிறகு அவர் சொல்லவில்லை.

இப்போது நான் சொல்லப் போவதை என் மாணவிகள் யாரும் படிக்கக் கூடாது என்றுதான் ஆசை. வருடா வருடம் நான் கரும்பலகையில் எழுதும் ஒரு பாடம் உண்டு. தாவர எண்ணெயை நிக்கல் தூள் முன்னிலையில் ஹைட்ரஜனோடு சேர்த்தால் அது கெட்டியாகும், வனஸ்பதி அப்படித்தான் உண்டாகிறது. ஐந்து மதிப்பெண் கேள்வி. அதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தாவரத்தில் கொலஸ்ட்ரால் கிடையாது, ஆகவே எந்த எண்ணெய்ப் பொட்டலத்திலும் அந்த வாசகத்தை உண்மையாகவே அச்சடிக்கலாம், மல்லாட்டை மூட்டைமேலும் அச்சடிக்கலாம் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் நான் வாங்கிய பிஸ்கட்டின் பின்பக்கத்தில், பொடி எழுத்தில், முதல் மூன்று பொருள்களில் ஒன்றாக அந்த வனஸ்பதியேதான் இருந்தது. எண்ணெயை அப்படிக் கெட்டியாக்கும்போது உண்டாகும் ஒரு வகைக் கொழுப்பு, ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றிவிடும். முன்பக்கத்தைப் படித்தேன். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. கோயிலில் சொல்வதையும், பக்கத்து வீட்டில் சொல்வதையும், உறவுக்காரர்கள் சொல்வதையும் சந்தேகப்படுகிறவள், அட்டையில் அச்சடித்ததை மட்டும் ஒரு வார்த்தை கேட்காமல் நம்பினேன்.

ஆனாலும் இதைவிடப் பெரிய தவறு ஒன்று இருக்கிறது. அந்த வருடாந்திரப் பரிசோதனை. எனக்குப் பள்ளி, அவருக்கு ஆபீஸ், இருவருக்கும் சேர்ந்தாற்போல் விடுமுறை கிடைப்பது ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில்தான். பெரிய வெள்ளியன்று அப்பா ஒருசந்தி, மத்தியானம் ஒரு வேளைதான் சாப்பிடுவார். மறுநாள் காலை எப்படியும் வெறும் வயிறு. "பட்டினியோட பட்டினியா டெஸ்ட்டையும் முடிச்சிடலாம்" என்று யோசனை சொன்னது நான்தான். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். இப்படியாக ஏழு வருடம், ஈஸ்டருக்கு முந்தின நாளான பெரிய சனிக்கிழமையில், அப்பா ரத்தம் கொடுத்தார். ஏழு வருடமும் எண் குறைந்துதான் வந்தது. "பாத்தீங்களா?" என்பேன். "பாத்தேன், பாத்தேன்" என்பார். தாள்களைத் தேதி வாரியாக ஒரு கோப்பில் வைத்தேன்.

அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின நாற்பது நாளும் தபசு காலம் என்பது உனக்குத் தெரியும். அப்பா அதில் கண்டிப்பானவர். கறி, மீன், முட்டை தொட மாட்டார். அதோடு விட மாட்டார், கடைத் தீனி ஒன்றும் வாயில் வைப்பதில்லை என்று அவராகவே ஒரு ஒறுத்தல் வைத்திருந்தார். என் பாக்கெட்டுகளும் கடைத் தீனிதானே! காலையில் அவரே கேப்பை மாவு கரைத்துக் கூழ் காய்ச்சிக்கொள்வார். மத்தியானத்துக்குக் கீரையும் சோறும். சாயங்காலம் கொள்ளோ பச்சைப்பயறோ அவித்தது. வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்குக் கோயிலுக்கு நடந்தே போய் நடந்தே வருவார். "நாப்பது நாளு என் சாப்பாடு, மிச்ச நாளு உன் சாப்பாடு. கணக்கு சரியாப்பூடுச்சி" என்று சிரிப்பார். எனக்கு நோன்பில் நம்பிக்கை குறைவு. அவர் காய்ச்சும் கூழைப் பக்தி என்ற பக்கத்தில் போட்டேன், என் பிஸ்கட்டை விஞ்ஞானம் என்ற பக்கத்தில் போட்டேன். எண் குறைந்தபோது எந்தப் பக்கத்தால் குறைந்தது என்று ஒரு தடவைகூட கேட்டுக்கொள்ளவில்லை. ஒரு ஆகஸ்டிலோ, ஒரு நவம்பரிலோ ரத்தம் எடுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பத்தாம் வகுப்புப் பிள்ளை ஆய்வகத்தில் இப்படி ஒரு சோதனை செய்திருந்தால் நான் சுழித்துப் போட்டிருப்பேன்.

நீ கல்லூரி முதல் வருடம் போன அந்த மழைக்காலத்தில் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. விழுப்புரத்தில் ஒரு துக்க வீட்டுக்கு இருவரும் போயிருந்தோம். அங்கிருந்து ஆட்டோ வைத்து முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். காப்பாற்றினார்கள். மறுநாள் காலை ரத்த முடிவு வந்தது. கொலஸ்ட்ரால் நான் அதுவரை பார்க்காத உயரத்தில் இருந்தது. நான் நம்பவில்லை. வீட்டிலிருந்து வரவழைத்திருந்த என் கோப்பைத் திறந்து, "ஏழு வருஷமா கண்ட்ரோல்ல இருந்தது, இதுல ஏதோ தப்பு இருக்கு" என்று நர்சிடம் காட்டினேன். நடுத்தர வயசுக்காரம்மா, கழுத்தில் சின்ன சிலுவை போட்டிருந்தாள். தாள்களைப் புரட்டிக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டாள்.

"ஏப்ரல், மார்ச்சு, ஏப்ரல்... இன்னா டீச்சர், எல்லாமே தபசு காலத்துல எடுத்ததா? எங்க வூட்டுக்காரரும் நாப்பது நாளு கஞ்சிதான். அப்ப எடுத்தா அவருக்குங்கூட கொறைச்சலாதான் இருக்கும். மத்த மாசத்துல எடுத்தது எங்க?"

மற்ற மாதத்தில் எடுத்தது என்னிடம் இல்லை. அந்த நிமிடத்தில் எனக்கு எல்லாம் புரிந்தது. யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கோப்பை மூடி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அன்று மத்தியானம்தான் நீ விடுதியிலிருந்து வந்தாய். உனக்கு ஞாபகம் இருக்கும், ஆனால் நீ பார்த்தது பாதிதான். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த பையில் வேட்டி தேடினாய். முன்பக்க வாசகம் தெரியாதபடி கிழித்து, நாலைந்து தின்ற பிஸ்கட் பொட்டலம் ஒன்று கையில் வந்தது. "இது இன்னாப்பா?" என்று கத்தினாய். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அம்மா ஏழு வருஷமா உங்களுக்குன்னு பாத்துப் பாத்து ஆக்கிப் போடறாங்க. உங்களால வாய கட்ட முடியாதா? குழந்தையா நீங்க?" அந்தப் பொட்டலத்தைத் துக்க வீட்டுக்குக் கிளம்பும்போது அவர் பையில் வைத்தது நான், தம்பி. வழியில் பசித்தால் டீக்கடையில் வடை தின்றுவிடக் கூடாது என்று வைத்தேன். அப்பா என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். பிறகு உன்னிடம், "பசிச்சிச்சிடா. பஸ் ஸ்டாண்டு கடையில வாங்கினேன். அம்மாவுக்குத் தெரியாது, விடு" என்றார். இல்லை, நான்தான் வைத்தேன் என்று சொல்ல எனக்கு வேண்டியது மூன்று வார்த்தை. மடியில் அந்தக் கோப்பு இருந்தது. நான் சொல்லவில்லை. நீ அழுதுகொண்டே வெளியே போனாய். அதற்குப் பிறகும் நான் சொல்லவில்லை.

அந்த ஒரு பொய்யை வைத்து நீ இத்தனை வருடம் அப்பாவை அளந்துகொண்டிருக்கிறாய். வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவர் சட்டைப் பையைத் தடவிப் பார்த்து, "இன்னா சார், இன்னிக்கி எந்தக் கடை?" என்பாய். விளையாட்டுதான், எனக்குத் தெரியும். போன வருடம் திருவெண்ணெய்நல்லூரில் உன் அத்தை மகள் கல்யாணத்தில், பந்தியில் அவர் இலையிலிருந்து வடையை எடுத்துவிட்டு, "இவருக்கு வெக்காதீங்க, கண்ட்ரோலே கெடையாது" என்று பரிமாறுகிறவரிடம் சொன்னாய். எதிர் வரிசையில் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். நான் அவருக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தேன். அவர் இடது கை மடித்த வேட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தும் பாயசத்தை ஊற்றிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அலமாரியைக் காலி செய்தேன். டாக்டர் புது உணவுமுறை சொன்னார் என்று உனக்குச் சொன்னேன், அதுவும் அரைப் பொய். டாக்டர் மாத்திரை கொடுத்தார், உணவைக் கவனிக்கச் சொன்னார். மீதியைத் தபசு காலத்திலிருந்து நான் எடுத்துக்கொண்டேன். கேப்பையும் கம்பும் கொள்ளும் கீரையும் திரும்பி வந்தன. வறுக்காத, உப்புப் போடாத மல்லாட்டை ஒரு கைப்பிடி. எண்ணெய் எதுவானாலும் கரண்டியால் அளந்து. வாரம் இரண்டு நாள் மீன் குழம்பு. அதன் பிறகு ஆகஸ்டில் ஒன்று, நவம்பரில் ஒன்று, வேண்டுமென்றே சாதாரண நாள்களில் ரத்தம் எடுத்துப் பார்க்கிறோம். இறங்கியிருக்கிறது. மாத்திரையால் எவ்வளவு, கஞ்சியால் எவ்வளவு என்று கேட்டால் தெரியாது என்றுதான் சொல்வேன். இனிமேல் தெரியாததைத் தெரியாது என்று சொல்வதாக இருக்கிறேன்.

உனக்குச் சொல்ல வேண்டியதையும் இதோடு சொல்லிவிடுகிறேன். பொட்டலத்தின் முன்பக்கம் உனக்காக எழுதியது இல்லை, விற்பதற்காக எழுதியது. பின்பக்கத்தைத் திருப்பு. நம் சமையலறையில் இருக்க முடியாத பெயர்கள் வரிசையாக வந்தால் அது சாப்பாடு என்று உன்னைத் தேற்றிக்கொள்ளாதே. ஓட்ஸ் பிடித்தால் மசாலாப் பொட்டலம் இல்லாத வெறும் ஓட்ஸ் வாங்கு, அதில் உன் வெங்காயத்தையும் கீரையையும் நீயே போடு. பழச்சாறு வேண்டாம், பழத்தைக் கடித்துத் தின்னு. குக்கரில் பயறு வைத்தால் நாலு விசில், நீ ஆபீஸுக்குக் குளித்துக் கிளம்புவதற்குள் வெந்துவிடும். நேரமில்லை என்று சொல்லாதே, அந்த வார்த்தையை இந்த வீட்டில் நான் சொன்ன அளவுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். டாக்டர் மாத்திரை எழுதினால், கூழ் குடிக்கிறேனே என்று அதை நிறுத்திவிடாதே. பரிசோதனைக்கு ஒரு மாதம் முன்னால் ஒழுங்காக இருந்து நல்ல எண் வாங்கப் பார்க்காதே. நீ சாதாரணமாக எப்படிச் சாப்பிடுகிறாயோ அப்படியே சாப்பிடும் ஒரு வாரத்தில் போய் ரத்தம் கொடு. ஆனால் இதையெல்லாம் நீ செய்யாவிட்டாலும் பரவாயில்லை, முதலில் அப்பாவைப் பற்றி நீ நினைப்பதை மாற்றிக்கொள். உன் அப்பா எதையும் திருடித் தின்னவில்லை. நான் கொடுத்ததைத் தின்றார். நான் செய்ததற்குத் திட்டும் வாங்கிக்கொண்டார்.

இதுவரை சனிக்கிழமை எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை நடந்ததையும் எழுதிவிடுகிறேன். பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் நீ அழைத்தாய். கடிதம் மேசைமேல் உறைக்குள் போகாமல் கிடந்தது. வழக்கம்போல் போனை எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தேன். "அப்பா எங்க, ஏதாச்சும் கடைக்குப் பூட்டாரா?" என்று நீ சிரித்தபோது, எழுதியதையெல்லாம் விட்டுவிட்டு இரண்டு வாக்கியத்தில் சொன்னேன். அன்று அந்தப் பொட்டலத்தைப் பையில் வைத்தது நான், அப்பா வாங்கவில்லை என்று. அப்பா கொல்லையிலிருந்து ஈரக் கையோடு வந்தார். "அவ சும்மா சொல்றாடா. எப்பவோ ஆன கதைய இன்னாத்துக்கு இப்ப எடுத்துக்கினு..." என்றார். "இல்ல, அப்பாதான் பொய் சொல்றாரு" என்றேன். லைன் போய்விட்டது என்று நினைத்து இரண்டு தடவை "ஹலோ" என்றேன். பிறகு நீ "அப்பா" என்றாய். அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, போனை எடுத்துச் சத்தத்தைக் குறைத்துக் காதில் வைத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார். நான் பின்னால் போகவில்லை. அரிசி கழுவினேன், களைந்த அரிசியையே மறுபடியும் கழுவினேன். வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தவருக்கு மூக்கு சிவந்திருந்தது. "வர்ற சனிக்கிழமை வர்றானாம்" என்றார். போனை மேசைமேல் வைத்துவிட்டு, "உன்ன ஒண்ணும் கேக்க மாட்டானாம். பயப்படாதன்னு சொல்லச் சொன்னான்" என்றார்.

"கேக்கட்டும்" என்றேன்.